ஐஸ் ஹவுஸில் தங்கிப் படித்த பெண்கள்

கேள்வி: மெரினாவில் விவேகானந்தர் இல்லத்தைத் தாண்டும்போதெல்லாம், "என் பாட்டியோட அக்கா இங்கேதான் தங்கிப் படிச்சாங்க" என்பார் அம்மா. அது ஐஸ் கிடங்கு அல்லவா? பெண்கள் எப்படி அங்கே?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: அம்மா சொல்வது சரிதான். 1842-இல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் பாளங்களை வைக்கக் கட்டிய கிடங்குதான் அது. சென்னையிலேயே ஐஸ் செய்ய ஆரம்பித்ததும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. அப்புறம் வக்கீல் பிலிகிரி ஐயங்கார் வாங்கி வீடாக்கினார், 1897-இல் விவேகானந்தர் 9 நாள் தங்கினார். இதெல்லாம் பலருக்கும் தெரியும். ஆனால் 1917-இல் அரசு அந்த வீட்டை வாங்கிய பிறகு இருபது வருஷத்துக்கும் மேலாக அங்கே இருந்தவர்கள் இளம் விதவைகள், அதைத்தான் யாரும் பேசுவதில்லை. எனக்கு அது பெரிய வருத்தம்.

அவர்களைக் கூட்டி வந்தவர் சகோதரி சுப்பலட்சுமி. விளையாடுகிற வயதில் கல்யாணம், உடனேயே விதவை. தலையை மழித்து மூலையில் உட்கார வைக்கிற வழக்கத்துக்கு மகளைக் கொடுக்காமல் அப்பா படிக்க வைத்தார். 1911-இல் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. முடித்தார். சென்னை மாகாணத்தில் பட்டம் வாங்கிய முதல் இந்து விதவை அவர்தான். எழும்பூரில் அப்பா வீட்டிலேயே 4 பெண்களோடு ஆரம்பித்த விடுதி, எண்ணிக்கை கூடக்கூட இடம் போதாமல் கடைசியில் இந்தக் கடற்கரை வீட்டுக்கு வந்தது. பள்ளி ஆய்வாளராக இருந்த மிஸ் லிஞ்ச் அரசிடம் பேசித் துணை நின்றார். கூடவே இருந்தவர் சித்தி வாலாம்பாள், அவரும் சின்ன வயதில் கணவனை இழந்தவர். பட்டம் வாங்கிய சுப்பலட்சுமியைச் சொல்கிறவர்கள் இந்தச் சித்தியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பேன்.

ஒன்றை மறைக்கக் கூடாது. அந்த விடுதி பிராமண விதவைகளுக்கு மட்டும்தான். அன்றைக்கு அந்த வீடுகளிலிருந்து பெண்ணை வெளியே அனுப்ப வைக்க அந்தக் கட்டுப்பாட்டுக்கு உட்பட வேண்டியிருந்தது, ஆனாலும் மற்ற பெண்கள் வெளியேதானே நின்றார்கள்.

அங்கே தங்கிய பலர் ஆசிரியைகள் ஆனார்கள். பக்கத்திலேயே 1922-இல் தொடங்கிய லேடி வில்லிங்டன் பயிற்சிக் கல்லூரிக்கு சுப்பலட்சுமிதான் முதல்வர். அடுத்த முறை போனால் அந்த வட்டமான கட்டடத்தை நின்று பாருங்கள். ஐஸ் உருகாமல் இருக்கக் கட்டியதால் முதலில் காற்றோட்டமே கிடையாது, ஜன்னல்கள் பிற்பாடு வைத்தவை.

உங்கள் பாட்டியின் அக்கா எந்த ஊரில் டீச்சராக இருந்தார்? அம்மாவிடம் கேட்டு எழுதுங்களேன்.