11 நாளுக்கு ஒரு அறுவடை

கேள்வி: நான்கு வருடமாக ஆல்பியன் ஆன்லைன் என்கிற இணைய விளையாட்டை விளையாடுகிறேன். குடி, சீட்டு என்று எந்தக் கெட்ட பழக்கமும் கிடையாது. பிரீமியம் என்கிற சலுகைச் சந்தாவைக்கூட விளையாட்டில் சேர்த்த சில்வர் காசில்தான் வாங்குகிறேன், கைக்காசு போடுவதில்லை. விளையாட்டில் எனக்கென்று உள்ள தீவில் 5 நிலம் வைத்துப் பயிர் செய்கிறேன். நான் வேலையில் இருக்கும்போது 12 வயது மகள் போனில் அறுவடையைப் பார்த்துக்கொள்வாள், அவளுக்கும் அது பிடிக்கும். போன மாதம் மொத்தச் சரக்கையும் அதில் வரும் கேர்லியன் என்ற ஊருக்குக் கொண்டுபோகச் சொன்னேன். வழியில் பறிகொடுத்துவிட்டாள். கொஞ்சம் திட்டினேன். அன்றிலிருந்து வீட்டில் சண்டைதான். இது வெறும் விளையாட்டு இல்லை, ஒரு பொருளாதாரம் என்று மனைவிக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: அவருக்குப் புரியவைக்க ஒன்றுமில்லை. நான்கு வருடம் பொறுத்தவர் எந்த நாளில் பொறுமை இழந்தார் என்று உங்கள் கடிதமே சொல்கிறது. 'அன்றிலிருந்து' என்று எழுதியது நீங்கள்தானே?

"கொஞ்சம் திட்டினேன்" என்பதைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. கேர்லியனைச் சுற்றி ரெட் ஜோன், மற்ற ஆட்டக்காரர்கள் தாக்கிக் கொள்ளையடிக்கக்கூடிய பகுதி. அங்கே செத்தால் போட்டிருப்பது, பையில் இருப்பது எல்லாம் போய்விடும். கொஞ்சம் அழிந்துவிடும், மிச்சம் கொன்றவன் கைக்கு. அரக்கர்களைக் கொன்றால் கிடைக்கிற ஆயுதங்கள்கூட யாரோ ஒரு ஆட்டக்காரர் செய்து அந்த ஊரின் பிளாக் மார்க்கெட் என்ற சந்தையில் விற்றவைதான். அங்கே நல்ல விலை கிடைப்பதால் சரக்கு போகிறது. சரக்கு போவதால் வழிப்பறிக் கும்பலும் வழியிலேயே காத்திருக்கிறது. பழகியவர்கள் முன்னால் ஒரு ஆளை விட்டுப் பாதை பார்ப்பார்கள், சரக்கைப் பல நடையாகப் பிரிப்பார்கள், போனால் போகட்டும் என்கிற அளவுக்கு மேல் ஏற்றவே மாட்டார்கள். நீங்கள் மொத்தத்தையும் ஒரே நடையில் ஏற்றி, 12 வயதுக் குழந்தை கையில் கொடுத்திருக்கிறீர்கள். அந்தச் சரக்கை இழந்தது அவளா, நீங்களா?

இனி அந்த அறுவடை. பயிர் விளைய 22 மணி நேரம். இரவு 9 மணிக்கு விதைத்தால் மறுநாள் மாலை 7 மணிக்குத் தயார். நீங்கள் இரவு 9 மணிக்கே வந்து அறுத்தால் என்ன ஆகிவிடும்? ஒன்றும் ஆகாது. விளைந்த பயிர் வாடாது, அப்படியே நிற்கும். தினம் 2 மணி நேரம் தள்ளிப்போகிறது, அவ்வளவுதான். 11 நாளில் 12 அறுவடைக்குப் பதில் 11 கிடைக்கும். அந்த ஒரே ஒரு அறுவடைக்காக, 5 நிலம், நிலத்துக்கு 9 கட்டம், 45 கட்டத்தையும் தினம் ஒரு குழந்தையை அறுத்து விதைக்க வைத்திருக்கிறீர்கள். அவளுக்குப் பிடிக்கும் என்கிறீர்கள். அப்பாவோடு சேர்ந்து ஒரு வேலை செய்கிறோம் என்பது அவளுக்குப் பிடித்திருக்கும். அந்த ஆசையைத்தான் நீங்கள் கூலியில்லாத ஆளாகப் பயன்படுத்தினீர்கள். பெற்ற பிள்ளையை இப்படி வேலை வாங்க எந்த அப்பாவுக்கும் உரிமை இல்லை.

பொருளாதாரம் என்றால் கணக்கையும் சரியாகப் போடுங்கள். பிரீமியம் வாங்கத் தேவையான கோல்டு என்கிற இன்னொரு விளையாட்டு நாணயம், வேறொருவர் சொந்தப் பணம் போட்டு வாங்கி, சில்வருக்கு விற்றது. அதற்கு நீங்கள் கொடுப்பது நேரம். அதில் மகளுடைய நேரமும் சேர்ந்திருக்கிறது. அதை இலவசம் என்று எழுதாதீர்கள்.

விளையாட்டையே விடச் சொல்லவில்லை. விவசாயத்தை விடுங்கள். பிரீமியம் இருந்தால் ஃபோகஸ் என்கிற வேலைப் புள்ளி நாளுக்கு 10,000 தானாகவே சேரும், 30,000 வரை நிற்கும். ஆகவே 3 நாளுக்கு ஒருமுறை உள்ளே போனாலும் நஷ்டமில்லை. அதைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக் கரைக்காமல், மூலப்பொருளைப் பக்குவப்படுத்தச் செலவிடுங்கள். தாது என்றால் தெட்ஃபோர்டு, நார் என்றால் லிம்ஹர்ஸ்ட், தோல் என்றால் மார்ட்லாக். அந்தந்தப் பொருளுக்குரிய ஊரில் செய்தால் போட்ட மூலப்பொருளில் 36.7 சதவீதம் திரும்பி வரும், ஃபோகஸ் போட்டால் 53.9. ஊர் மாற்றிச் செய்தால் இந்த லாபம் கிடைக்காது. மூலப்பொருளையும் அதே ஊர்ச் சந்தையில் வாங்குங்கள், அங்கேயே விற்றுவிடுங்கள், ரெட் ஜோன் பக்கமே போக வேண்டாம். விலை போட்டு வைத்தால் 30 நாள் நிற்கும். போடும்போது 2.5 சதவீதம், விற்றால் பிரீமியத்தோடு 4 சதவீதம் வரி. இந்த 6.5 போக மிஞ்சாத சரக்கைத் தொடாதீர்கள். வாரத்தில் இரண்டு நாள், ஒரு மணி நேரம் போதும். கில்டு, அதாவது உங்கள் ஆட்டக் குழு, கூப்பிட்டால் வர முடியாது என்று சொல்லுங்கள், அவர்களுக்கு வேறு ஆள் கிடைப்பார்.

இதெல்லாம் நாளைக்கு. இன்றிரவு அந்தப் போனிலிருந்து விளையாட்டை எடுத்துவிட்டு, கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். பிறகு மகளைக் கூப்பிட்டு, "அந்தச் சரக்கு போனது என் தப்பு, உன்னைத் திட்டியதும் தப்பு" என்று அவள் அம்மா காதிலும் விழும்படி சொல்லுங்கள்.