வெள்ளைச் சிறகுக் காகம்: நோயா, மரபா?

கேள்வி: உழும்போது புழு பொறுக்க வரும் காகங்களில் ஒன்றின் சிறகில் வெள்ளை இறகுகள் உள்ளன. இது நோயா? கோழிகளுக்குத் தொற்றுமா? என் கறுப்புச் சேவலுக்கும் கறுப்புப் பெட்டைக்கும் பிறந்த ஒரு குஞ்சு, இறகு முளைத்த பின்னும் வெள்ளையாகவே இருப்பதால் ஐயம் எழுந்தது.

பதில்: காகத்தின் இந்த வெள்ளை தொற்றுவதன்று, கோழிகளைப் பற்றிக் கவலை வேண்டாம்.

இறகின் கறுப்பும் செம்பழுப்பும் மெலனின் என்னும் நிறமியால் வருபவை. அந்நிறமியை உண்டாக்குவதற்கும், அதைச் செய்யும் செல்களை இறகுக் குழிகளில் கொண்டு சேர்ப்பதற்கும், கறுப்பா செம்பழுப்பா என்று தீர்மானிப்பதற்கும் வெவ்வேறு மரபணுக்கள் உள்ளன. எம்சி1ஆர் என்னும் மரபணுவில் நேர்ந்த சிறு மாற்றத்தால்தான் பனி வாத்து என்னும் ஒரே இனத்தில் வெள்ளைப் பறவைகளும் கருஞ்சாம்பல் பறவைகளும் காணப்படுகின்றன. கோழிகளின் முழுக் கறுப்பிலும் அதே மரபணுவுக்குப் பெரும்பங்கு உண்டு.

நிறமிச் செல்கள் சென்றுசேராத இடத்தில் வெள்ளை இறகு முளைக்கும். கண் கறுப்பாகவே இருக்கும். மெலனினே உண்டாகாத அல்பினோப் பறவைக்குக் கண்ணும் சிவந்து தெரியும்; பார்வைக் குறைவால் அது வெளியில் நெடுநாள் பிழைப்பது அரிது. உங்கள் காகத்துக்கு மற்ற இறகுகள் கறுப்பாக இருப்பதால் அது அல்பினோ அன்று.

ஆயினும் எல்லா வெள்ளைக்கும் மரபணுவே காரணம் என்று சொல்லிவிட முடியாது. இறகின் குறுக்கே பட்டையாக வெளுத்து, அவ்விடம் நைந்து முறிந்திருந்தால், குஞ்சுப் பருவத்தில் சத்துக் குறைந்த இரை உண்டதே காரணமாகலாம். மெலனின் இறகுக்கு உறுதியும் தருவதால் வெளுத்த பகுதிதான் முதலில் தேயும். நல்ல இரை கிடைத்தால், அடுத்த இறகு உதிர்வுக்குப் பின் அங்கே கறுப்பு இறகு முளைக்கக்கூடும். மரபால் வந்த வெள்ளையோ பெரும்பாலும் அதே இடத்தில் திரும்ப முளைக்கும்.

உங்கள் குஞ்சின் கதை வேறு. வேறு சேவல் கூடியிருக்க வாய்ப்பில்லையெனில், பெற்றோர் இரண்டும் வெள்ளைக்கான ஒடுங்கு மரபணுவை (தாய், தந்தை இரண்டிடமிருந்தும் வந்தால் மட்டுமே வெளிப்படுவதை) ஆளுக்கொன்றாக மறைவில் சுமக்கின்றன என்றே கொள்ளவேண்டும். அத்தகைய இணைக்குச் சராசரியாக நான்கில் ஒரு குஞ்சு வெள்ளையாகும். குஞ்சு நலமாக இருந்தால் கழிக்கத் தேவையில்லை. கறுப்பு மட்டுமே வேண்டுமெனில் இந்த இணையைப் பிரித்துவிடுங்கள். புதிதாக வாங்கும் கறுப்புச் சேவலை இந்த வெள்ளைக் குஞ்சு பெட்டையாக வளர்ந்தபின் அதனோடு சேர்த்துப் பாருங்கள். சேவல் அந்த மரபணுவைச் சுமந்தால் குஞ்சுகளில் ஏறத்தாழப் பாதி வெள்ளையாக வந்து காட்டிக்கொடுத்துவிடும்.