ஏரிக்கரையில் கூடாரம்: கடலூர், புதுச்சேரி வாசகர்களுக்குப் பதில்கள்

கலிபோர்னியாவில் சியரா நெவாடா மலையில், மம்மத் லேக்ஸ் என்ற சின்ன ஊருக்கு மேலே லேக் மேரி என்று ஓர் ஏரி இருக்கிறது. இன்யோ நேஷனல் ஃபாரஸ்டைச் சேர்ந்தது, உயரம் சுமார் 2,700 மீட்டர். அதன் கரையில் கூடாரம் போட்டுத் தங்குவதைப் பற்றிப் போன இதழில் அரைப் பக்கம் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நம்ம கடலூர், புதுச்சேரி பக்கம். பிள்ளைகள் அங்கே வேலையில் இருக்கிறார்கள், கோடையில் போனால் மலைக்குக் கூட்டிப்போகிறேன் என்கிறார்கள், என்ன எடுத்துக்கொண்டு போவது, பயப்பட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மகனிடம் நேஷனல் பார்க்கா என்று கேட்டால், இல்லை, நேஷனல் ஃபாரஸ்ட் என்கிறான். இரண்டும் ஒன்றுதானே மேடம்?
வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

இல்லை அம்மா, இரண்டும் வேறு வேறு துறை. நேஷனல் பார்க் அமெரிக்காவின் இன்டீரியர் துறையின் கீழ் வருகிறது, நம் ஊர் போலீஸைப் பார்க்கும் உள்துறை மாதிரி இல்லை. இயற்கையை அப்படியே காப்பதும், மக்களுக்குக் காட்டுவதும் அதன் வேலை. நேஷனல் ஃபாரஸ்ட் விவசாயத் துறையின் கீழ், 1905-ல் தொடங்கிய ஃபாரஸ்ட் சர்வீஸ் கையில் இருக்கிறது. அங்கே மரம் வெட்ட விடுவார்கள், மாடு மேய்க்க விடுவார்கள், கீழே இருக்கும் ஊர்களுக்குத் தண்ணீர் தரும் காடும் அதுதான், நாம் போய்த் தங்குவதும் அதோடு சேர்ந்தது. கெடுபிடி கொஞ்சம் குறைவு, நாயைக் கூட்டிப்போகலாம்.

தங்குமிடம் என்றால் அறை என்று நினைத்துவிடாதீர்கள். நம்பர் போட்ட ஒரு கம்பம், கார் நிறுத்த இடம், ஒரு மரமேசை, தீ மூட்ட இரும்பு வளையம், சாப்பாட்டைப் பூட்டி வைக்க ஓர் இரும்புப் பெட்டி, அவ்வளவுதான் உங்களுடையது. குழாயும் கழிப்பறையும் எல்லோருக்கும் பொது. பல முகாம்களில் நுழைவாயில் பக்கம் வண்டி வீட்டில் ஒரு வயதான தம்பதி கோடை முழுக்கத் தங்கியிருந்து இடத்தைப் பார்த்துக்கொள்வார்கள். போனதும் அவர்களைப் பார்த்து இரண்டு வார்த்தை பேசிவிடுங்கள், அந்த வாரம் கரடி எந்தப் பக்கம் நடமாடுகிறது என்பதுவரை அவர்களுக்குத்தான் தெரியும்.

மருமகனுக்கு நெத்திலிக் கருவாடு என்றால் உயிர். ஏரிக்கரையில் சுடச்சுடச் சோறாக்கி, கருவாடு வறுத்துக் கொடுக்கலாம் என்று ஆசை. மகள் வேண்டாம் என்று சண்டை போடுகிறாள். நீங்களே சொல்லுங்கள்.
வாசகி, கடலூர் முதுநகர்

மகள் பக்கம்தான் நியாயம் அம்மா. ஆசை புரிகிறது. துறைமுகத்துப் பக்கம் வளர்ந்தவர்களுக்குக் கருவாட்டு வாசம் இல்லாத சாப்பாடு சாப்பாடே இல்லை. ஆனால் நீங்கள் போகிற காடு கரடிக் காடு, கரடிக்கு மோப்பம் நாயைவிடக் கூர்மை. நெத்திலியை எண்ணெயில் போட்டால் நம் தெருவிலேயே நாலு வீட்டுக்குத் தெரியும், அந்த மலைக்காற்றில் எவ்வளவு தூரம் போகும் என்று யோசியுங்கள். வறுத்த எண்ணெய் மேசையில் தெறிக்கும், சேலையில் ஏறும், அந்தச் சேலையோடு கூடாரத்துக்குள் போய்ப் படுப்பீர்கள். கருவாட்டை வீட்டில் வறுத்துக் கொடுங்கள், மலைக்கு வேண்டாம்.

கலிபோர்னியாவில் இப்போது இருப்பது கருங்கரடி மட்டும்தான். பேர்தான் கருங்கரடி, பழுப்பு நிறத்திலும் இருக்கும். மனிதனைத் தேடி வருவதில்லை, சாப்பாட்டைத் தேடித்தான் வரும். கார் கதவைப் பிய்த்து உள்ளே இருக்கும் பிஸ்கட் பொட்டலத்தை எடுத்த கரடிகள் அந்தப் பக்கம் நிறைய. அதனால்தான் அந்த இரும்புப் பெட்டி. அதன் தாழ்ப்பாளைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். வெளியே பிடி தெரியாது, தகட்டுக்கு அடியில் ஒரு சந்து இருக்கும், அதில் விரலை விட்டு உள்ளே அழுத்தினால்தான் திறக்கும். நம் கை போகும், கரடியின் பாதம் போகாது. சமைத்து முடித்ததும் அரிசி, பருப்பு, ஊறுகாய், புளிக்காய்ச்சல், எண்ணெய் எல்லாம் அதற்குள் போக வேண்டும். இதோடு முடியவில்லை: பற்பசை, சோப்பு, தேங்காயெண்ணெய், விபூதிப் பையில் இருக்கும் வாசனைச் சந்தனம், பேத்தியின் சூயிங்கம், கழுவாத கரண்டி, காலி டிபன் பாக்ஸ் எல்லாமும்தான். மணக்கும் பொருள் எதுவும் கூடாரத்துக்குள் வரக்கூடாது, இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

இது நம் பாதுகாப்புக்கு மட்டும் சொல்வதில்லை. மனிதச் சாப்பாட்டை ஒருமுறை ருசி பார்த்த கரடி திரும்பத் திரும்ப வரும், பயம் விட்டுப்போகும், கடைசியில் அதிகாரிகள் அதைக் கொல்ல வேண்டிய நிலைமை வரும். நாம் மேசையில் மறந்து வைத்த ஒரு தூக்குவாளி அந்த உயிருக்கு எமனாகக் கூடாது. கரடி எதிரே வந்துவிட்டால் ஓடாதீர்கள். எல்லோரும் சேர்ந்து நின்று, கையைத் தூக்கி, தட்டைத் தட்டிச் சத்தம் போடுங்கள், போக வழி விடுங்கள். பெரும்பாலும் போய்விடும்.

ஜூலை மாதம் வெயில் காலம்தானே, எதற்கு இவ்வளவு கம்பளி, பெட்டி எடை ஏறுகிறது?
வாசகர், நெய்வேலி

நெய்வேலி வெயிலில் உட்கார்ந்து இதை நம்புவது கஷ்டம்தான், ஆனாலும் எடுத்துப் போங்கள். 1,000 மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு. பகலில் லேக் மேரியில் அரைக்கைச் சட்டையோடு திரியலாம். சூரியன் மலைக்குப் பின்னால் போன அரை மணி நேரத்தில் குளிர் இறங்கிவிடும், விடியற்காலை 5 டிகிரிவரை போகும். மார்கழியில் 20 டிகிரிக்கே மப்ளர் தேடுகிறவர்கள் நாம்.

முக்கியமாக ஒன்று, குளிர் மேலிருந்து வருவதைவிடத் தரையிலிருந்துதான் அதிகம் ஏறும். எத்தனை போர்வை போர்த்தினாலும் கீழே நல்ல மெத்தைப் பாய் இல்லையென்றால் முதுகு ஜில்லிட்டு விடிய விடியத் தூக்கம் வராது. ஸ்லீப்பிங் பேக் வாங்கும்போது அதில் இரண்டு எண் போட்டிருப்பார்கள். ஒன்று வசதியாகத் தூங்கும் வெப்பநிலை, மற்றது தாங்கும் எல்லை. முதல் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். பருத்தி உடை வேர்வையில் நனைந்தால் காயாது, படுக்கும்முன் உலர்ந்த உடைக்கு மாறிவிடுங்கள். குளிருக்குப் பயந்து ஸ்டவ்வையோ கரி அடுப்பையோ கூடாரத்துக்குள் வைக்கிற யோசனை மட்டும் யாருக்கும் வரக்கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசம் கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோய்விடும்.

போன வருடம் அங்கே பொன்னி அரிசி ஒரு மணி நேரம் கொதித்தும் சரியாக வேகவில்லை. அரிசிதான் சரியில்லையா?
வாசகி, பண்ருட்டி

அரிசியைக் குறை சொல்ல வேண்டாம். உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் தண்ணீர் 100 டிகிரிக்குக் காத்திருக்காமல் முன்னாலேயே கொதிக்கும். லேக் மேரி உயரத்தில் சுமார் 91 டிகிரி. தளதளவென்று கொதிப்பது கண்ணுக்குத் தெரியும், ஆனால் அந்தச் சூடு பருப்பைக் குழைக்காது. சின்ன குக்கர் ஒன்று எடுத்துப் போங்கள், இங்கே 3 விசில் விட்டால் அங்கே ஒன்றிரண்டு கூட விடுங்கள். அரிசியை அரை மணி, துவரம்பருப்பை மத்தியானமே ஊறப்போடுங்கள். முதல் நாள் ராத்திரிக்குப் புளியோதரை கட்டிக்கொண்டு போய்விடுங்கள், கூடாரம் அடிக்கவே பொழுது போய்விடும்.

நான் தேவனாம்பட்டினம் கடலில் நீந்தி வளர்ந்தவன். ஏரி எனக்கு ஒரு பொருட்டா? அப்புறம், அங்கேயே சோப்பு போட்டுக் குளிக்கலாமா?
வாசகர், கடலூர்

தம்பி, உங்கள் நீச்சலைப் பற்றி எனக்குச் சந்தேகமில்லை, தண்ணீரைப் பற்றித்தான் கவலை. நம் கடல் வெதுவெதுப்பானது. அது பனி உருகி வந்த தண்ணீர். சட்டென்று குதித்தால் நம்மை அறியாமல் ஒரு பெரிய மூச்சை இழுப்போம், அந்த நேரம் தலை நீருக்குள் இருந்தால் உள்ளே போவது காற்றல்ல. அதைச் சமாளித்தாலும் சில நிமிடங்களில் கையும் காலும் மரத்து, சொன்ன பேச்சைக் கேட்காது. நல்ல நீச்சல்காரர்களும் இப்படிப் போயிருக்கிறார்கள். நீந்த அனுமதி இருக்கும் ஏரியில் கரையோரம் மெதுவாக இறங்குங்கள், படகில் போனால் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாதீர்கள்.

சோப்பு கூடவே கூடாது. மூலிகை சோப்பு, சீயக்காய் என்றாலும் கூடாது. குளிப்பதோ பாத்திரம் கழுவுவதோ கரையிலிருந்து 200 அடி, அதாவது 60 மீட்டருக்கு மேல் தள்ளி. லேக் மேரி மாதிரி சில ஏரிகளில் நீந்தவே தடை, ஊர்க் குடிநீர் அங்கிருந்து போகிறது. எதற்கும் அறிவிப்புப் பலகையை முதலில் படியுங்கள். தெளிவாக இருக்கிறதே என்று அப்படியே அள்ளிக் குடிக்காதீர்கள், வயிற்றைக் கெடுக்கும் ஜியார்டியா என்ற கிருமி கண்ணுக்குத் தெரியாது. குழாய்த் தண்ணீர் இல்லையென்றால் கொதிக்க வையுங்கள். கீழே 1 நிமிடம் போதும், 2,000 மீட்டருக்கு மேலே 3 நிமிடம்.

வயது 68, பிபி மாத்திரை போடுகிறேன். மலையில் தலைவலி வரும் என்கிறார்களே?
வாசகர், நெல்லித்தோப்பு

கடல் மட்டத்திலிருந்து ஒரே நாளில் 2,700 மீட்டருக்குப் போனால் பலருக்கும் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரும். வயதுக்கும் இதற்கும் பெரிய சம்பந்தமில்லை. வழியில் தாழ்வான ஊரில் ஓர் இரவு தங்கிப் போங்கள், முதல் நாள் மலையேற வேண்டாம். நடை தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கீழே இறக்கச் சொல்லுங்கள். கிளம்பும்முன் உங்கள் டாக்டரைப் பாருங்கள்.

மகள் அனுப்பிய படத்தில் ஏரிக்கரையில் மரமெல்லாம் பட்டுப்போய் வெள்ளையாக நிற்கிறது. காட்டுத்தீயா?
வாசகி, வில்லியனூர்

தீ இல்லை. லேக் மேரிக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஹார்ஸ்ஷூ ஏரியாக இருக்கும் அது. மம்மத் மலை ஓர் எரிமலை. 1989-ல் அதற்கடியில் மாதக்கணக்கில் சின்னச் சின்ன நில அதிர்வுகள் வந்தன. அதன்பின் உள்ளிருந்து கார்பன் டை ஆக்சைடு மண் வழியாகக் கசிய ஆரம்பித்தது. வேருக்கு ஆக்சிஜன் கிடைக்காமல் 1990-லிருந்து மரங்கள் நின்ற இடத்திலேயே செத்துப்போயின. நடந்து பார்த்துவிட்டு வரலாம், ஆனால் அந்த வாயு காற்றைவிடக் கனம், பள்ளத்தில் தேங்கும். குழந்தைகளை அங்கே குழி தோண்டி விளையாடவோ படுக்கவோ விடாதீர்கள்.

விறகை வீட்டிலிருந்தே எடுத்துப் போனால் காசு மிச்சம்தானே?
வாசகர், சிதம்பரம்

வேண்டாம். மரப்பட்டைக்குள் ஒளிந்திருக்கும் வண்டு விறகோடு பயணம் செய்து புதுக் காட்டில் இறங்கிவிடும். எமரால்ட் ஆஷ் போரர் என்ற பச்சை வண்டு இப்படிப் பரவித்தான் அமெரிக்காவில் கோடிக்கணக்கான ஆஷ் மரங்களை அழித்தது. முகாமுக்குப் பக்கத்தில் விற்கிற விறகையே வாங்குங்கள். காய்ந்த கோடையில் தீ மூட்டவே தடை போடுவார்கள், அப்போது யாரிடமும் வாதாடாதீர்கள். அனுமதி இருக்கும் நாளிலும் அணைக்கும்போது தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, சாம்பலுக்கு மேலே புறங்கையை வைத்துப் பாருங்கள். சூடு தெரிந்தால் இன்னும் அணையவில்லை. 2018 மார்ச்சில் குரங்கணியில் 20-க்கும் மேற்பட்ட உயிரைக் காட்டுத்தீ கொண்டுபோனதைப் பார்த்தவர்கள் நாம், இதில் அலட்சியம் ஆகாது.

அமெரிக்கா எதற்கு? நம் கொடைக்கானல் பேரிஜம் ஏரிக்கரையில் கூடாரம் போடலாமே?
வாசகர், முத்தியால்பேட்டை

அழகில் பேரிஜம் எதற்கும் குறைந்ததில்லை. ஆனால் அது காப்புக்காடு, பெரியகுளத்துக்குக் குடிநீர் தரும் ஏரி. வனத்துறை அனுமதிச் சீட்டு வாங்கிப் பகலில் போய்விட்டு வரலாம், இரவில் கூடாரம் அடிக்க முடியாது. எனக்கு அந்தத் தடையில் வருத்தமில்லை. காட்டுமாடும் யானையும் நடமாடும் இடம், அங்கே பூட்டுப்பெட்டியும் கழிப்பறையும் காவலுமாக முகாம் அமைக்காமல் கூட்டத்தை விட்டால் ஒரே கோடையில் ஏரி குப்பையாகிவிடும். காட்டுக்குள் நடக்க ஆசை என்றால் 2024-ல் தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் வனத்துறையே வழிகாட்டியோடு அழைத்துப் போகிறது, ஆன்லைனில் பதிவு செய்யலாம். கொடைக்கானல் பக்கம் தனியார் நடத்தும் கூடாரத் தங்கலுக்குப் போனால் அனுமதி இருக்கிறதா என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

நல்ல ஹோட்டல் இருக்கும்போது தரையில் படுப்பானேன்?
வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

வீட்டில் ஆளுக்கொரு போனோடு இருக்கிற குடும்பம் அங்கே சிக்னல் கிடைக்காமல் ஒரே மேசையில் உட்காரும். பேரன் தண்ணீர் தூக்கி வருவான், மகன் குக்கருக்குக் காவல் நிற்பான், நீங்கள் பழைய கதை சொல்வீர்கள், கேட்க ஆள் இருக்கும். ஹோட்டலில் இது நடக்காது. முடிந்தால் ஒரே ஒரு ராத்திரி போய்ப் பாருங்கள் ஐயா.

எத்தனை நாள் முன்னால் பதிவு செய்வது?
வாசகி, பாகூர்

பல முகாம்களுக்கு 6 மாதம் முன்பே ரிக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் பதிவு திறந்துவிடும், கோடை வார இறுதிகள் உடனே தீர்ந்துபோகும். செவ்வாய், புதன் பாருங்கள். சில முகாம்களில் முதலில் வருகிறவருக்கே இடம், அதற்குக் காலையிலேயே போய்விட வேண்டும். உயரமான இடங்களில் பனி விலகி முகாம் திறக்க ஜூன் ஆகிவிடும், அதற்கு முந்தைய தேதிக்கு விமான டிக்கெட் போட்டுவிடாதீர்கள்.