அடைப்புக்குறிக்குள் அம்மா

கேள்வி: பென்னாகரம் பக்கம் எங்கள் ஊர். பெங்களூரில் ஐ.டி. வேலையை விட்டுவிட்டு வந்து, ஆன்லைனில் புளி விற்க வெப்சைட் தயார் செய்திருக்கிறேன். மரங்களைக் குத்தகைக்குப் பிடிப்பது, பேக்கிங், மார்க்கெட்டிங் எல்லாம் நான்தான். (தட்டிக் கொட்டை எடுப்பதை அம்மாவும் பெரியம்மாவும் பார்த்துக்கொள்கிறார்கள்.) 'எங்களைப் பற்றி' பக்கம் மட்டும் சரியாக வரவே மாட்டேன் என்கிறது. எழுதியதை இணைத்திருக்கிறேன். எவ்வளவு நீளம் இருக்கலாம்? 'நான்' என்று எழுதுவதா, நிறுவனம் பேசுவதுபோல் எழுதுவதா? எந்தப் படம் போடுவது?
– ஒரு வாசகர், தருமபுரி மாவட்டம்

பதில்: தம்பி, நீங்கள் அனுப்பிய பக்கத்தைப் படித்தேன். 'அதியமான் ஆண்ட தகடூர் மண்ணின் பாரம்பரியச் சுவை' என்று ஆரம்பிக்கிறது. 'தரத்தில் சமரசம் இல்லை' என்று ஒரு வரி வருகிறது. அப்புறம் உங்கள் படம், அதற்குக் கீழே 'நிறுவனர்'. ராகி மாவு விற்பவர், செக்கெண்ணெய் விற்பவர், ஊறுகாய் விற்பவர் என்று எனக்கு எழுதுகிற பலரும் இதே பக்கத்தைத்தான் அனுப்புகிறார்கள். பொருளின் பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும். அதனால்தான் அது உங்களுக்கே நிறைவாக இல்லை.

உங்கள் கடிதத்தில் உருப்படியான வரி ஒன்றே ஒன்று இருக்கிறது. அதை நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டீர்கள்.

அம்மாவும் பெரியம்மாவும் 'பார்த்துக்கொள்கிறார்கள்'. எதைப் பார்த்துக்கொள்கிறார்கள்? உலுக்கிப் பொறுக்கிய பழத்தை வெயிலில் காயப்போட்டு, ஓட்டை உடைத்து, கட்டையால் தட்டி, கொட்டையைப் பிதுக்கி, நாரை இழுத்துப் போட வேண்டும். பங்குனி வெயிலில் நாள் முழுக்கக் குனிந்தே உட்கார்ந்து செய்கிற வேலை. புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம். பித்தளைக் குடத்தைப் பளபளப்பாக்குகிற அதே புளிப்பு, நகக்கண்ணில் சின்ன வெடிப்பு இருந்தாலும் எரிச்சலில் தூங்க விடாது. அம்மாவின் விரல் நுனியை எப்போதாவது கையில் பிடித்துப் பார்த்திருக்கிறீர்களா?

புளி வாங்குகிறவள் என்ற முறையில் சொல்கிறேன். கொட்டை கிடக்குமா, நாரும் ஓட்டுத் தூளும் கலந்திருக்குமா, மண் நறநறவென்று கடிபடுமா, பழைய புளியைத் தலையில் கட்டிவிடுவார்களா என்பதுதான் என் பயம். அதியமானைப் பற்றி எனக்கு அப்போது யோசனையே வராது. இந்தப் பயம் ஒவ்வொன்றுக்கும் பதில் அந்த இரண்டு பேரின் கையில் இருக்கிறது. பாக்கெட்டில் ஸ்டிக்கர் ஒட்டுகிற நீங்கள் நிறுவனர். பாக்கெட்டுக்குள் இருப்பதைச் சாப்பிடும்படி ஆக்கியவர்களுக்குப் பெயர்கூட இல்லை. இதை என்னால் ஏற்க முடியவில்லை.

குடும்பத் தொழில் என்று சொல்லிக்கொண்டு வீட்டுப் பெண்களின் உழைப்பை எந்தக் கணக்கிலும் எழுதாமல் விடுவது நம் பக்கம் காலங்காலமாக நடக்கிறது. அப்பா மண்டியில் வியாபாரி, அண்ணன் கடையில் முதலாளி, அம்மா 'கூடமாட ஒத்தாசை'. "நீ நல்லாயிருந்தா போதும்டா" என்று அம்மாவே சொல்வார். அது அவருடைய பெரிய மனசு. அந்த மனசைச் சாக்காக வைத்துக்கொண்டு மகன் பேசாமல் இருந்துவிடக் கூடாது.

சரி, என்ன செய்யலாம் என்கிறீர்கள். லேப்டாப்பை மூடிவிட்டு அவர்கள் வேலை செய்கிற இடத்தில் போய் உட்காருங்கள். சும்மா உட்காராமல் நாலு பழத்தைத் தட்டிக்கொண்டே கேளுங்கள். எந்தப் பக்கத்து மரத்தில் சதை அதிகம்? எந்தப் பழத்தை ஒதுக்குகிறீர்கள், ஏன்? ஒரு ஆள் ஒரு நாளில் எத்தனை கிலோ முடிக்கலாம்? உப்பு போட்டு வைப்பீர்களா? பானையில் வைப்பது ஏன், பாத்திரத்தில் வைத்தால் என்ன ஆகும்? பதிலையெல்லாம் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். அதில் பாதியை எழுதினாலே உங்கள் பக்கம் முடிந்துவிடும்.

அந்தப் பக்கத்தைத் திறக்கிறவர் பொழுதுபோகாமல் வருபவர் அல்ல. விலையைப் பார்த்துவிட்டு, பணம் கட்டலாமா வேண்டாமா என்று தயங்குகிறவர். இவர்கள் நிஜமாகவே இருக்கிறார்களா, யார் செய்கிறார்கள், பொருள் சரியில்லை என்றால் யாரைக் கேட்பது என்று தெரிந்துகொள்ள வருகிறார். எனவே முதல் வரியிலேயே விஷயத்துக்கு வாருங்கள். 'பென்னாகரத்துக்குப் பக்கத்தில், எங்கள் வீட்டுக் களத்திலேயே கொட்டையும் நாரும் எடுத்த புளி விற்கிறோம். சுத்தம் செய்வது என் அம்மாவும் பெரியம்மாவும்' என்று ஆரம்பித்து, இருவர் பெயரையும் எழுதுங்கள். புதுப்புளி செம்பழுப்பாக இருக்கும், நாளாக நாளாகக் கறுக்கும், கறுத்ததால் கெட்டுப்போனது என்று அர்த்தமில்லை என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள். நிறம் மாறியதென்று பாதிப் பேர் போன் செய்வது குறையும்.

நீளம் கேட்டீர்கள். போனில் இரண்டு முறை தள்ளினால் படித்து முடிகிற அளவு போதும். 'நான்', 'நாங்கள்' என்றே எழுதுங்கள். மூன்று பேர் செய்கிற தொழிலில் நிறுவனம் எங்கிருந்து பேசும்? வெள்ளைக் கிண்ணத்தில் புளி வைத்த அந்த இன்டர்நெட் படத்தை எடுத்துவிட்டு, உங்கள் களத்தைக் காலை வெளிச்சத்தில் நீங்களே போனில் எடுங்கள்.

'எங்கள் தோட்டத்திலிருந்து' என்று எழுதியிருக்கிறீர்களே, கடிதத்தில் குத்தகை மரம் என்கிறீர்கள். குத்தகை மரம் என்றே எழுதுங்கள், அதில் ஒன்றும் குறைச்சல் இல்லை. 'ஆர்கானிக்' என்ற சொல்லையும் அடித்துவிடுங்கள். 2017ஆம் ஆண்டு வந்த உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி அதற்கு முறையான சான்றிதழ் வேண்டும். உங்களிடம் இருப்பதாகத் தெரியவில்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. கொடுத்த 14 இலக்க எண்ணைத் தெரிகிற மாதிரி போடுங்கள். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் தொழிலின் சட்டப்படியான பெயர், முழு முகவரி, போன், இமெயில், குறைகேட்கும் அலுவலரின் பெயர் எல்லாவற்றையும் தளத்தில் போடச் சொல்கின்றன. உங்கள் பக்கத்தில் வாட்ஸ்அப் எண் மட்டும்தான் இருக்கிறது. புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் வந்து சேர்ந்ததென்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்க வேண்டும். அந்தப் பொறுப்புக்கு 'நிறுவனர்' பெயரைத் தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. கணக்கு நோட்டைத் திறந்து பாருங்கள். வெளியாளை வைத்துத் தட்டினால் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி கொடுப்பீர்கள்தானே? அந்தக் கூலி நோட்டில் எங்கே? அது இல்லாமல் போட்ட விலையும் தப்பு, லாபமும் தப்பு. இருவருடைய வங்கிக் கணக்கிலும் மாதாமாதம் போடுங்கள். பெரியம்மாவுக்கு முதலில் போடுங்கள். அம்மாவுக்காவது நாளைக்கு என் மகன் பார்ப்பான் என்ற பிடிப்பு இருக்கிறது. பெரியம்மா தங்கச்சி பிள்ளைக்காக வந்து உட்கார்ந்திருக்கிறார்.

பெயர் போடுவதற்கு முன் இருவரையும் கேளுங்கள். படம் வேண்டாம் என்றால் புளி தட்டுகிற கையை மட்டும் எடுங்கள். பெயரும் வேண்டாம் என்றால் 'என் பெரியம்மா' என்று எழுதுங்கள், வற்புறுத்த வேண்டாம். கூலி வேண்டாம் என்று சொன்னால் மட்டும் கேட்காதீர்கள். இந்த மாதமே போட்டுவிடுங்கள்.