சுரங்கக் கழிவு கலந்த சீமெந்துக்கல்லால் யாழ்ப்பாணத்தில் வீடு கட்டலாமா?

கேள்வி: வெளிநாடுகளில் சுரங்கக் கழிவை மணலுக்குப் பதிலாகப் போட்டுக் கல் அரிகிறார்களாம். எங்கட பக்கம் மணல் எடுக்கிறதே பெரும்பாடாக இருக்கு. அப்படியான கல்லால் இங்கே வீடு கட்டலாமா? காங்கேசன்துறையில் சீமெந்து ஆலைக்குக் கல் அகழ்ந்த கிடங்குகளில் கிடக்கிற கல்லையும் தூளையும் பாவிக்க முடியாதா?

பதில்:

கட்டலாம். ஆனால் அது எந்தக் கழிவு, எந்தச் சுரங்கத்தில் இருந்து வந்தது என்று தெரியாமல் ஒரு கல்லும் வாங்காதீர்கள்.

கட்டட வேலைகளை மேற்பார்வை பார்ப்பது என் தொழில். இந்தப் பேச்சு வந்தால் எல்லோரும் முதலில் கேட்பது "கல் பாரம் தாங்குமா?" என்றுதான். சீமெந்தைக் கொஞ்சம் கூட்டினால் எந்தத் தூளும் ஓரளவு பாரம் தாங்கும். அந்தத் தூளுக்குள் என்ன தாது இருக்கிறது, மாரி மழையில் ஊறினால் அதிலிருந்து என்ன கரைந்து போகும் என்பதுதான் எங்கள் ஊருக்கு முக்கியம்.

முதலில் கைக்கெட்டும் கழிவைப் பார்ப்போம். வவுனியாப் பக்கக் கருங்கல் கிரசர்களில் முக்கால் அங்குலக் கல்லும் சிப்ஸ் என்ற சிறுகல்லும் உடைக்கும்போது மிஞ்சும் கல்தூள், அதாவது டஸ்ட்தான் அது. சுரங்கக் கழிவு என்றதும் இதை யாரும் நினைப்பதில்லை. எத்தனையோ கல்லரியும் இடங்களில் இது ஏற்கெனவே மணலோடு சேர்ந்துகொண்டுதான் இருக்கிறது. பாதி மணல், பாதி டஸ்ட் என்று கலந்து ஒழுங்காக அரிந்த கல்லில் நான் குறை காணவில்லை. டஸ்டின் ஒவ்வொரு துகளும் கூர் விளிம்போடு இருப்பதால் ஒன்றை ஒன்று நன்றாகக் கவ்விப் பிடிக்கும். அதே காரணத்தாலும், கூடவே மாவு போன்ற பொடி இருப்பதாலும் தண்ணீரை அதிகம் கேட்கும். நான் வழமையாகக் கல் எடுக்கும் இடத்தில் மூத்த மேசன் ஒருவர் சொல்வார்: "தம்பி, மணலுக்கு விடுற தண்ணியை இதுக்கு விட்டா கல்லு அச்சை விட்டு வரேக்கையே மூலை உதிரும். கூட விட்டா இருந்த இடத்திலேயே குந்திப்போகும்." அவர் அளவுக் கோப்பை எதுவும் வைத்திருப்பதில்லை. கலவையில் ஒரு பிடி எடுத்து இறுக்கி, கையை விரித்துப் பார்ப்பார். உருண்டை குலையாமல் நிற்கவேண்டும், உள்ளங்கையில் ஈரம் பட்டிருக்கவேண்டும், விரலிடுக்கால் தண்ணீர் வழியக்கூடாது. பிறகு கல்லை நிழலில் அடுக்கிச் சாக்குப் போட்டு ஒரு கிழமையாவது தண்ணீர் விடவேண்டும். சோளகம் வீசும் மாதங்களில் இதில் கள்ளம் செய்தால் கல்லின் வெளிப்பக்கம் காய்ந்து உள்ளே பச்சையாக நின்றுவிடும். டஸ்ட் கல்லைப் பற்றி வரும் முறைப்பாடுகளில் பெரும்பாலானவை டஸ்டால் வந்தவை அல்ல, தண்ணீர் விடாததால் வந்தவை. ஒன்று மட்டும்: சுவர்ப் பூச்சுக்கு அதைப் பாவிக்காதீர்கள், மயிர்வெடிப்பு விழும்.

இனி நீங்கள் கேட்ட வெளிநாட்டு விசயம். தாதுவைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் நுண்தூள் சேற்றை அணை கட்டித் தேக்கி வைப்பது சுரங்கங்களின் வழக்கம். பிரேசிலில் புருமாடின்யோ என்ற இடத்தில் 2019 ஜனவரியில் அப்படியோர் அணை உடைந்து 270 பேர் இறந்தார்கள். அந்த நாட்டில் இரும்புத்தாதுக் கழிவின் பெரும்பகுதி சிலிக்கா, அதாவது மணலின் அதே சரக்கு. அந்தச் சுரங்கத்தை நடத்திய வாலே நிறுவனம் இன்று கழிவைக் கழுவித் தரம் பிரித்து மணலாக விற்கிறது. இட்டாபிரிட்டோவில் அந்தக் கழிவில் இருந்தே தளக்கல் செய்யும் ஆலையும் வைத்திருக்கிறது. இது பம்மாத்து அல்ல, நல்ல வேலைதான். ஆனால் இரும்புத்தாதுக் கழிவு பொதுவில் சாதுவானது. செம்பு, ஈயம், தகரம், தங்கம் எடுத்த கழிவை அதே கண்ணால் பார்க்கக்கூடாது.

அதற்கு இங்கிலாந்தின் கோர்ன்வோல் நல்ல சாட்சி. அங்கே செம்பும் தகரமும் தோண்டிய காலத்துக் கழிவுக்கல் மலையாகக் கிடந்தது. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் அதை அள்ளி, சீமெந்தோடு கலந்து கல் அரிந்து வீடுகள் கட்டினார்கள். சும்மா கிடைத்த கல், பக்கத்திலேயே இருந்தது, கட்டும்போது உறுதியாகவும் நின்றது. அந்தக் கல்லுக்குள் பைரைட் இருந்தது. பைரைட் என்பது இரும்பும் கந்தகமும் சேர்ந்த தாது. ஈரமும் காற்றும் பட்டால் அது சல்பூரிக் அமிலமாகும். அமிலம் சீமெந்தை அரிக்கும். அதிலிருந்து வரும் சல்பேற்று சீமெந்துக்குள் புதிய படிகங்களை வளர்த்து, கல்லை உள்ளிருந்தே தள்ளி வெடிக்கவைக்கும். கட்டிப் பல பத்தாண்டுகள் கழித்துத்தான் கல் இளகத் தொடங்கியது. இன்றைக்கும் அந்தப் பகுதியில் பழைய வீடு வாங்க வங்கிக் கடன் கேட்டால் சுவரில் துளையிட்டு மாதிரி எடுத்துப் பரிசோதித்த அறிக்கை கேட்கிறார்கள். தேறாத வீட்டுக்குக் கடன் இல்லை.

பைரைட்டின் உறவான பிரோடைட் இன்னும் மோசம். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரே கல்குவாரியின் கல்லை 1983 முதல் பாவித்துக் கட்டிய வீடுகளின் அத்திவாரங்கள் பத்து, இருபது வருடங்களுக்குப் பின் வெடிக்கத் தொடங்கின. அது சுரங்கக் கழிவுகூட அல்ல, காசு கொடுத்து வாங்கிய சாதாரணக் கல். ஐரோப்பியத் தரத்தில் கொங்கிறீற்றுக்குப் போடும் கல்லில் மொத்தக் கந்தகம் 1 வீதத்துக்கு மேல் போகக்கூடாது, பிரோடைட் இருந்தால் 0.1 வீதம்தான் எல்லை. ஆகவே நீங்கள் விற்பவரிடம் கேட்கவேண்டிய முதல் பேப்பர் அமுக்க வலிமை அறிக்கை அல்ல, கந்தக அளவு அறிக்கை.

கதிரியக்கமும் இருக்கிறது. அமெரிக்காவில் கிராண்ட் ஜங்ஷன் என்ற நகரில் 1950களிலும் 60களிலும் யுரேனிய ஆலைக் கழிவு மணலை வீட்டு அத்திவாரங்களுக்கு அள்ளிப் போட்டார்கள். பார்வைக்கு அருமையான மணல். பிறகு ஆயிரக்கணக்கான காணிகளைத் தோண்டி அதை வெளியே எடுக்கவேண்டி வந்தது. எங்களுக்கும் இது தூரத்துக் கதை அல்ல. புல்மோட்டைக் கனிம மணலில் மொனசைட் உண்டு, மொனசைட்டில் கதிர்வீசும் தோரியம் உண்டு. இல்மனைட் தாதுவைப் பிரித்த மிச்சம் என்று யாராவது மலிவாக மணல் கொண்டுவந்தால், கதிரியக்க அளவு பார்த்த அறிக்கை இல்லாமல் முற்றத்தில்கூடக் கொட்டவிடாதீர்கள்.

யாழ்ப்பாணத்தில் ஏன் இவ்வளவு கெடுபிடி என்றால், எங்களுக்குக் குடிநீர் தரும் ஆறு இல்லை. நாங்கள் பெரும்பாலும் குடிப்பது சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் மழைநீர். அந்தக் கல் முழுக்க ஓட்டையும் வெடிப்பும். நிலத்தில் விழுந்தது வடிகட்டப்படாமலே கிணற்றுக்கு வந்துவிடும். சுன்னாகம் பக்கம் கிணறுகளில் எண்ணெய் மிதந்த காலத்தை இங்கே யாரும் மறந்திருக்கமாட்டார்கள். ஆர்சனிக்கோ ஈயமோ உள்ள கழிவில் செய்த கல், சுவராக நிற்கும்வரை பெரிதாக ஒன்றும் செய்யாது. சீமெந்து பல உலோகங்களைக் கட்டிப் பிடித்துவைக்கும். அந்த வீட்டை இடித்து, உடைசலைக் காணி நிரப்பப் போடும்போதுதான் வில்லங்கம். எங்கள் ஊரில் இடித்த கல் கடைசியில் பள்ளக் காணிக்குத்தானே போகிறது?

காங்கேசன்துறைக்கு வருகிறேன். சீமெந்து ஆலை 1950இல் தொடங்கி, யுத்தத்தால் 1990இல் நின்றது. அதற்காகக் கல் அகழ்ந்த கிடங்குகள் இன்னும் வாயைப் பிளந்தபடி இருக்கின்றன. அங்கே கிடக்கும் உடைசல் சுண்ணக்கல்லில் மேலே சொன்ன பயம் குறைவு. நுண்ணிய சுண்ணக்கல் தூளைச் சீமெந்தோடு சேர்த்து அரைப்பது உலகெங்கும் நடக்கிறது. ஐரோப்பியத் தரத்தில் ஒரு வகைச் சீமெந்துக்கு 35 வீதம்வரை அனுமதி உண்டு. எனக்கு இதைவிடப் பிடித்தது எல்சி3 என்ற வகைச் சீமெந்து. சுமார் பாதி கிளிங்கர் (சூளையில் சுட்டு எடுக்கும் சீமெந்தின் மூலச்சரக்கு), மீதியில் சுட்ட களியும் சுண்ணக்கல் தூளும், கொஞ்சம் ஜிப்சம். கிளிங்கருக்கு 1450 பாகை வெப்பம் வேண்டும், களியைச் சுட 800 பாகை அளவு போதும். சீமெந்து ஆலை வேண்டாம் என்று ஒதுக்கும் தரம் குறைந்த சுண்ணக்கல்லே இதற்குக் காணும். ஆனால் இதற்கு வேண்டிய, கயோலின் என்ற வெண்களித் தாது உள்ள களி தெற்கில் பொரலஸ்கமுவ, மீட்டியாகொடப் பக்கம்தான், கல் இங்கே. லொறிக் கூலியே இதைத் தின்றுவிடும்.

இன்னொன்று: "கழிவைத்தானே எடுக்கிறோம்" என்று தொடங்கிப் புதுக்கல் உடைப்பதில் போய் முடியும். கிடங்கை ஆழமாக்கினால் நிலத்தடி நீர் வெளியே திறந்துவிடும், கடல்நீரும் உள்ளே வரும். ஏற்கெனவே உடைந்து கிடப்பதை அள்ளுவதற்கும் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் அனுமதி வேண்டும். அந்த எல்லையைத் தாண்டாமல் பார்க்க ஆள் இருந்தால் எனக்கு ஆட்சேபனை இல்லை.

உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது இது. சுவருக்கு நல்ல கிரசர் டஸ்ட் கலந்த கல் எடுங்கள். சீமெந்துக்கல்லுக்கான இலங்கைத் தரமான எஸ்எல்எஸ் 855இன்படி சோதித்ததா என்று கேளுங்கள். புதிய கழிவில் செய்த கல் ஏதாவது சந்தைக்கு வந்தால் முதலில் மதிலுக்குக் கட்டுங்கள். இரண்டு மாரி போகட்டும், கல்லின் முகத்தில் துருநிறப் பொட்டு கசிகிறதா என்று பாருங்கள். தூண், பீம், கிணற்றுக் கட்டு, மலசலகூடக் குழி இவற்றுக்கு அது வேண்டவே வேண்டாம்.