ரீசெட் செய்தால் பழைய ஃபர்ம்வேர் வருமா?

கேள்வி: ஆக்சஸ் பாயின்ட்டில் (வைஃபை சிக்னல் தரும் கருவி) புதிய ஃபர்ம்வேர் (அதை இயக்கும் உள் மென்பொருள்) ஏற்றியதிலிருந்து வைஃபை அடிக்கடி துண்டிக்கப்படுகிறது. ரீசெட் செய்தால் பழையது திரும்புமா?

பதில்: திரும்பாது. ரீசெட் அழிப்பது செட்டிங்குகளை மட்டுமே. ஆனாலும் செய்யுங்கள், பழைய செட்டிங்குகள் புதிய ஃபர்ம்வேரோடு ஒத்துப்போகாததே பல நேரம் காரணம். கருவி ஓடிக்கொண்டிருக்கும்போதே, ரீசெட் துளையைப் பேப்பர் கிளிப் முனையால் சுமார் 10 விநாடி, விளக்கின் நிலை மாறும்வரை அழுத்துங்கள். நேரம் மாடலுக்கு மாடல் மாறும். பிறகு பழைய செட்டிங்குகளைச் சேமித்து வைத்த பேக்கப்பை ஏற்றாதீர்கள், கோளாறும் கூடவே வந்துவிடும். பெயர், பாஸ்வேர்டு, சேனல் எல்லாவற்றையும் கையாலேயே போடுங்கள்.

அப்படியும் சரியாகாவிட்டால், தயாரிப்பாளர் அனுமதித்தால் மட்டும் பழைய பதிப்பை ஏற்றுங்கள். லேபிளில் உள்ள மாடல் எண்ணோடு ஹார்டுவேர் வெர்ஷனும் பொருந்த வேண்டும். ஒரே மாடலின் வி1, வி2-வில் சிப்பே வேறாக இருக்கலாம். வைஃபை வழியாக வேண்டாம், லேன் கேபிள்தான். பாதியில் மின்சாரம் போனால் கருவி எழாமலே போகலாம். யுபிஎஸ்ஸில் இணைத்துவிட்டுத் தொடங்குங்கள்.