பத்து மாதக் கைக்குழந்தையோடு மொரிஷியஸ் போகலாமா?

நீங்கள் எழுதிக் கேட்ட இந்தக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். போகலாம். தாராளமாகப் போகலாம்.

கேள்வியில் இரண்டு விஷயம் இருக்கிறது. குழந்தைக்குப் பத்து மாதம், வீட்டில் யாரும் இதுவரை வெளிநாடு போனதில்லை, ஆறு நாள் மொரிஷியஸ் சரிப்படுமா என்பது ஒன்று. "அந்தப் பிஞ்சுக்கு என்ன ஞாபகம் இருக்கப்போகுது, நாலு வயசு ஆகட்டும்" என்று பெரியவர்கள் சொல்கிறார்கள் என்பது இன்னொன்று. நான் எழுத உட்கார்ந்ததே அந்த இரண்டாவதுக்காகத்தான். நாங்களும் பத்து மாத மகளோடுதான் மொரிஷியஸ் போனோம். இதே வார்த்தையை என் அத்தை, அதாவது வீட்டுக்காரரின் அம்மா, ஒரு மாதம் தினமும் சொன்னார். நீங்கள் டிக்கெட்டைப் போட்டுவிட்டு, வீட்டில் எப்படிச் சொல்வது என்று தவித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. தப்பாக இருந்தால் மன்னியுங்கள்.

குழந்தைக்கு ஞாபகம் இருக்காது, உண்மைதான். எனக்கு இருக்கும் இல்லையா? பிரசவம் முடிந்து பத்து மாதம் இரண்டு அறைக்குள்ளேயே இருந்தேன். தடுப்பூசிக்கு ஆஸ்பத்திரி, ஒரு கல்யாணம், மொட்டை போடக் குலதெய்வம் கோயில். வாசலைத் தாண்டியது அவ்வளவுதான். இந்தப் பயணம் எனக்காக என்று சொல்ல அன்றைக்கு வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

காசு இருப்பவர்கள் பேசுகிறார்கள் என்று கீழே யாரும் எழுத வேண்டாம். என் வீட்டுக்காரர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். நான் ஆசிரியை, அப்போது பிரசவ விடுப்பில் இருந்தேன். இரண்டு வருடம் கட்டிய ஏலச்சீட்டை எடுத்துத்தான் போனோம். சொல்லப்போனால் குழந்தை சிறிதாக இருக்கும்போது போவதுதான் செலவு குறைவு. இரண்டு வயது ஆகும்வரை மடிக்குழந்தைக்கு, பெரியவர் கட்டணத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கும் வரியும்தான். அதற்கப்புறம் தனி சீட், தனி டிக்கெட். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு மொரிஷியஸில் விசா கட்டணமும் கிடையாது. இறங்கியதும் முத்திரை குத்திவிடுகிறார்கள். திரும்பி வரும் டிக்கெட்டும் தங்கும் இடத்துக்கான ஆதாரமும் கையில் இருக்க வேண்டும். குழந்தைக்குத் தனிப் பாஸ்போர்ட் கட்டாயம். அப்பா அம்மா இருவரும் கையெழுத்துப் போட்ட படிவம் கேட்பார்கள். போட்டோவுக்குத்தான் பெரும் பாடு. கண் திறந்திருக்க வேண்டும், பின்னால் வெள்ளையாக இருக்க வேண்டும். வெள்ளை வேட்டியைக் கட்டிலில் விரித்துப் படுக்க வைத்து, மேலே ஸ்டூலில் ஏறி நின்று எடுத்தோம்.

நாங்கள் போனது அக்டோபரில். சென்னையிலிருந்து மும்பை, அங்கிருந்து ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடக்குறைய. தொட்டில் வைக்கும் முன்வரிசை சீட் வேண்டும் என்று இரண்டு மாதத்துக்கு முன்பே எழுதிக் கேட்டு, சரி என்று பதிலும் வாங்கியிருந்தோம். விமானத்தில் ஏறினால் அந்த இடத்தில் வேறு யாரோ. கடிதத்தைக் காட்டியும் பிரயோசனம் இல்லை. ஆறு மணி நேரம் மடியிலேயே கிடந்தாள். அதனால் பதிலை நம்பிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள், கவுன்டரில் முதல் ஆளாகப் போய் நின்று மறுபடி கேளுங்கள். மேலே ஏறும்போதும் இறங்கும்போதும் பால் கொடுத்துக்கொண்டே இருங்கள், விழுங்க விழுங்கக் காது அடைப்பு விடும்.

மொரிஷியஸ் நேரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். இங்கே ஆறரைக்கு விழிக்கிற குழந்தை அங்கே ஐந்து மணிக்கு விழித்துக்கொள்வாள். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. முதல் நாள் நொந்துபோனேன், இரண்டாம் நாளிலிருந்து அதுதான் எனக்குப் பிடித்த நேரம். நாங்கள் தங்கியது வடமேற்குக் கரையில் த்ரூ ஓ பிஷ் என்ற இடத்தில், ஒரு வீட்டு மாடி. ஐந்தேகாலுக்கு அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு கடற்கரைக்கு வந்துவிடுவேன். தீவைச் சுற்றிப் பெரும்பாலும் பவளத்திட்டு அரண் மாதிரி நிற்பதால் அலை தூரத்திலேயே உடைந்துவிடும். கரைக்கு வருவது குளத்துத் தண்ணீர் மாதிரி இருக்கும். அவள் கால் விரலை நனைத்தேன். விரல்களை மடக்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள், பிறகு தானாகவே காலை மறுபடி நீட்டினாள். நீங்கள் தண்ணீரில் இறங்கும்போது ரப்பர் செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். கடல் முள்ளெலியும், கல் மாதிரியே கிடக்கும் விஷ மீனும் உண்டு.

சரி, காய்ச்சலுக்கு வருகிறேன். இதற்காகத்தான் அத்தை இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார்.

இரண்டாம் நாள் ராத்திரி உடம்பு கொதித்தது. நூற்றிரண்டு. ஊரிலிருந்து எடுத்துப்போன சிரப் இருந்தது, அளவும் எங்கள் டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். தயவுசெய்து நீங்களும் அப்படியே செய்யுங்கள். வெளிநாட்டு மருந்தில் ஒரு மில்லிக்கு எவ்வளவு மருந்து என்பது வேறாக இருக்கும், பாதித் தூக்கத்தில் பழைய கணக்கில் ஊற்றிவிடக் கூடாது. நான் டாக்டர் இல்லை, எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். விடிந்ததும் பக்கத்தில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். காதையும் தொண்டையையும் பார்த்துவிட்டு, வைரஸ் காய்ச்சல், பால் குடிக்கிறாளா, மூத்திரம் போகிறாளா, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். இல் ஓ செர்ஃப் தீவுக்குப் படகுக்குக் கட்டிய பணம் போனது. போகட்டும்.

அன்றைக்கு அத்தை வீடியோ காலில் வந்தார். குழந்தையின் முகத்தைப் பார்த்துவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் மகனிடம் மட்டும் பேசிவிட்டு வைத்தார். திருப்பூரில் அதே குழந்தைக்கு மூன்று தடவை காய்ச்சல் வந்திருக்கிறது. அதற்கெல்லாம் காரணம் தேடாதவர்கள், இதற்கு மட்டும் என்னைக் காரணமாக்கினார்கள். குளியலறையில் போய் அழுதேன்.

வெளியே வந்தால், நாங்கள் தங்கியிருந்த வீட்டின் சொந்தக்காரப் பாட்டி படியேறி வருகிறார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும், மொரிஷியஸ் தமிழர். பேசுவது கிரியோல், பிரெஞ்சிலிருந்து வந்த அந்தத் தீவின் பேச்சுமொழி. தமிழில் சில சொற்களும், கோயிலில் படித்த முருகன் பாட்டுகளும் தெரியும். கையில் ஒரு கட்டுக் கீரை. "ப்ரேட் முரூம்" என்றார். எனக்குப் புரியவில்லை. கட்டைப் பிரித்து ஒரு இணுக்கை என் கையில் வைத்தார். முருங்கைக்கீரை! "முருங்கை" என்று சொன்னேன். "முருங்கை, முரூம், முருங்கை" என்று அவரும் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தார். இருவரும் தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தோம். என் அம்மா ஆய்கிற மாதிரியேதான், காம்பைப் பிடித்து ஒரே இழுப்பு. பூண்டும் வெங்காயமும் போட்டுத் தண்ணியாக ஒரு சாறு வைத்து, ஒரு பெரிய கிண்ணம் நிறைய எனக்குக் கொடுத்தார். குழந்தைக்கு இல்லை, பால் கொடுக்கிற எனக்கு. அந்தப் பத்து மாதத்தில் நான் சாப்பிட்டேனா என்று கேட்டவர்கள் குறைவு. அங்கே பீர்க்கங்காயை "பிபங்காய்" மாதிரி ஏதோ சொல்கிறார்கள், ரசம் "ரசோன்". மிளகாய் வடை கட்டோ பீமா என்ற பெயரில் தெருவெல்லாம் கிடைக்கிறது, நம் பருப்பு வடையேதான். சோற்றுக்கு அலைய வேண்டியதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

மூன்று நாளில் காய்ச்சல் விட்டது. அப்புறம் ஒரு நாளைக்கு ஒரே இடம் என்று வைத்துக்கொண்டோம். உங்களுக்கும் அதுதான் சரிவரும். பம்ப்ளெமூஸ் தோட்டம் கைக்குழந்தைக்காரர்களுக்கு மிகவும் வசதி. தரை சமம், மர நிழல், தள்ளுவண்டி தாராளமாகப் போகும். தாம்பாளம் தாம்பாளமாக மிதக்கும் அமேசான் அல்லி இலைகள் அங்கேதான். ஷமரேலில் ஏழு நிற மண் பார்க்க வேண்டியதுதான், எரிமலைப் பாறை சிதைந்து இரும்பும் அலுமினியமும் நிறம் பிரிந்து நிற்கிறது என்கிறார்கள். ஆனால் போகும் மலைப்பாதை வளைந்து வளைந்து ஏறும், குழந்தை இரண்டு முறை வாந்தி எடுத்தாள். பால் கொடுத்த உடனே கிளம்பாதீர்கள். கங்கா தலாவ் ஏரி மேட்டில் இருக்கிறது, காற்று குளிரும், ஸ்வெட்டர் வேண்டும். ஏரிக்குப் பக்கத்தில் நிற்கும் சிவன் சிலை 108 அடி உயரம்.

எல்லாவற்றிலும் எனக்கு மனதில் நிற்பது தெற்கே லா வனீய் பூங்காவின் ராட்சத ஆமைகள். அல்டாப்ரா ஆமைகள், வேலி கிடையாது, நடுவிலேயே நடக்கலாம். ஒன்றின் பக்கத்தில் குழந்தையோடு உட்கார்ந்தேன். அது கழுத்தை மெல்ல நீட்டியது. வயதானவர்களின் முழங்கைத் தோல் மாதிரி சுருக்கம். அவள் உள்ளங்கையை ஓட்டின் மேல் வைத்து அப்படியே எடுக்காமல் இருந்தாள். எதையும் இரண்டு நொடிக்கு மேல் பிடிக்காத குழந்தை அது.

இனி எழுதப்போவது நீங்கள் கேட்காதது. ஆனால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

திரும்புவதற்கு முன் ஒரு நாள் தலைநகர் போர்ட் லூயியில் சொக்கலிங்கம் மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போனோம், அங்கே கைலாசன் கோயில் என்கிறார்கள். பாட்டியையும் அழைத்துப் போயிருந்தோம். சன்னதியில் குழந்தை சிணுங்கியபோது பாட்டி அவளை வாங்கிக்கொண்டு "பாப்பா அழாதே, சாமி கும்புடு" என்றார். உச்சரிப்பு பிரெஞ்சுக்காரர் பேசுவது போல இருக்கும். பக்கத்தில் நம் ஊரிலிருந்து வந்த ஒரு குடும்பம். அந்த ஆள் சிரித்துவிட்டு, "இதுங்கல்லாம் தமிழ்னு சொல்லிக்குது" என்று மனைவியிடம் சொன்னார். பாட்டிக்குச் சொல் புரிந்ததோ இல்லையோ, சிரிப்பு புரிந்தது. அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

அந்தக் கோபம் இன்னும் எனக்கு ஆறவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே புதுச்சேரியிலிருந்து கொத்தனாராகவும் தச்சராகவும் கொண்டுபோகப்பட்டவர்கள், பின்னால் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாகப் போனவர்கள், அவர்களின் பிள்ளைகள் இவர்கள். ஐந்தாறு தலைமுறை ஆகிவிட்டது. பேச்சு நழுவிவிட்டது, ஆனால் அங்கே தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை. அவர்களுடைய ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது. 1998-இல் புதிய நோட்டு அடித்தபோது தமிழை இந்திக்குக் கீழே இறக்கி வைத்தார்கள் என்று அந்தத் தமிழர்கள் போராடி, அரசு அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றது. ஒழுங்காகத் தமிழ் பேச வராதவர்கள் செய்த காரியம் இது. தமிழ் தெரிந்தும் பிள்ளையிடம் தமிழில் பேசக் கூச்சப்படுகிற நம் ஊர்க்காரர்கள் அவர்களைப் பார்த்துச் சிரிப்பதா? என் வகுப்பிலேயே, வீட்டில் தமிழ் பேசாதே என்று பிள்ளையைத் திட்டும் பெற்றோர் இருக்கிறார்கள். எல்லாரையும் சொல்லவில்லை. அந்த ஆளைச் சொல்கிறேன்.

அன்று மதியம் ஆப்ரவாசி காட் போனோம். 1834-இலிருந்து 1920 வரை வந்த கூலித் தொழிலாளர்கள், ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர், இறங்கிய துறைமுகம். 2006-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. கடலிலிருந்து மேலே ஏற பதினாறு கற்படிகள் இருக்கின்றன. அதற்கு முன்னால் நின்று பாட்டி என் குழந்தையைத் தொட்டுக் காட்டி, தன் இடுப்பைக் காட்டி, கிரியோலில் ஏதோ சொன்னார். டிரைவர் தம்பி ஆங்கிலத்தில் விளக்கினார். பாட்டியின் பாட்டியுடைய அம்மா, பால் குடிக்கிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இந்தப் படியில் ஏறினாளாம். எந்த ஊர் என்று தெரியாது, மதராஸில் கப்பல் ஏறியது மட்டும்தான் தெரியும். வாரக்கணக்கில் கப்பல். பாட்டி என் மகளின் காலைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார். நானும் ஒன்றும் பேசவில்லை.

குழந்தையை அம்மா வீட்டில் விட்டுவிட்டுப் போயிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: பால் குடிக்கிற பிள்ளை, விட முடியாது. விட முடிந்திருந்தாலும், அவள் இல்லாமல் போயிருந்தால் அந்தப் பாட்டி எங்கள் மாடிப்படி ஏறியிருக்கவே மாட்டார்.

மறந்துவிடப் போகிறேன், அங்கே பிளக் நம்முடையது போல இல்லை, பெரும்பாலும் இங்கிலாந்து மாதிரி சதுர மூன்று முள். அடாப்டர் இல்லாமல் நாங்கள் எடுத்துப்போன சின்னக் குக்கர் இரண்டு நாள் பெட்டியிலேயே கிடந்தது. டாக்சியில் ஏறுமுன் வாடகை பேசிக்கொள்ளுங்கள், குழந்தை சீட் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். சத்துமாவு வறுத்து அரைத்துக் கொண்டுபோனது இருந்த நாளெல்லாம் கைகொடுத்தது. அளவு வேண்டுமானால் கேளுங்கள், எழுதுகிறேன்.